பேமானி என்று சொன்ன ஞாயிறு

எங்கள் தெருவில் பேமானி என்ற சொல் காதில் விழாமல் ஒரு பொழுது போகாது. ஆட்டோ குறுக்கே வந்தால் ஓட்டுபவன் பேமானி. கரண்ட் போனால் ஆபீஸில் இருப்பவர்கள் எல்லோரும் பேமானிகள். என் கண்ணாடிக் கடையில் ஃபிரேமின் திருகாணி கைநழுவி மேசைக்கடியில் உருண்டால் நானும் அதைக் குனிந்து தேடிக்கொண்டே அப்படித்தான் திட்டுவேன். யாரும் அர்த்தம் யோசித்துச் சொல்வதில்லை. நாக்கு நுனியில் கிடக்கும், எடுத்து வீசுவோம்.

அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று எனக்குச் சொன்னவர் பக்கத்துக் கறிக்கடைக்காரர். போளூர் ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் தெருவில் அவருடைய கடையும் என்னுடையதும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் கடை. தெருவுக்கு அவர்கள் பெரிய பாய், சின்ன பாய். ஆட்டை வாங்கி, விடியற்காலையில் நகராட்சி ஆடுதொட்டியில் அறுத்துக் கொண்டுவருவது சின்ன பாய். வெட்டி எடைபோடுவது பெரியவர். வீட்டில் உருது, கடையில் தமிழ். தம்பி மட்டும் அண்ணனைக் கடையிலும் 'பாய்ஜான்' என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு நாள் செங்கம் போகிற பஸ் என் ஸ்கூட்டரை உரசிவிட்டுப் போனது. வழக்கம்போலத் திட்டினேன். பெரிய பாய் கத்தியைத் தீட்டியபடியே சிரித்தார்.

"சார், பஸ்ஸுக்கு ஏது ஈமான்?"

"இன்னா பாய்?"

"ஈமான்னா, யாரும் பாக்காத எடத்துலயும் மேல இருக்கறவன் பாக்கறான்னு நம்பி நடந்துக்கறது. அது இல்லாதவன் பேஈமான். நீங்கல்லாம் அத பேமானியாக்கி பஸ்ஸு, பல்பு, காக்கா எல்லாத்தையும் திட்றீங்க."

"நீங்க யாரையும் சொன்னதே இல்லையா?"

"சொல்லணும்னா எதிர்ல நிக்கிறவன் அதுக்கு லாயக்கா இருக்கணுமே சார்" என்றார். நானும் சிரித்தேன். அன்றைய டைரியில் அந்த அர்த்தத்தை எழுதி வைத்தேன். ஆனால் திட்டுவதை நிறுத்தவில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன் வாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வெள்ளாட்டுக் கறிக்குத்தான் மதிப்பு. செம்மறிக் கறியை வெள்ளாடு என்று விற்றுவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. தோலை உரித்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது சாதாரண ஆளுக்குக் கஷ்டம். அதனால் தோலை முழுக்க உரித்தாலும் வாலை மட்டும் முடியோடு விட்டுவிட்டுத் தொங்கவிடுவார்கள். மேல் நோக்கி நிற்கும் குட்டை வாலாக இருந்தால் வெள்ளாடு. தொங்கினால் செம்மறி. வாங்குபவர் வாலைப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவார். வாலில்லாத ஆட்டைக் கொக்கியில் மாட்டினால், அது எவ்வளவு நல்ல வெள்ளாடானாலும், அந்தக் கடைப் பக்கம் ஆள் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஜாஸ்தி. அடுத்த நாள் பௌர்ணமி, ஊரில் கிரிவலம். அன்று கறி எடுக்க மாட்டார்கள் என்பதால் முந்தின நாளே சேர்த்துச் சாப்பிட்டுவிடுவது பலர் வழக்கம். வரிசையில் முன்னால் நின்றவர் எங்கள் தெரு லாட்ஜ்காரர். பௌர்ணமிக்கு ஒரே ரூமை மூன்று குடும்பத்துக்கு முறைவைத்து விடுபவர். கடைக்கு வந்ததும் தொங்குகிற ஆட்டின் வாலைப் பிடித்து, கோயில் மணி ஆட்டுவது போல ஓர் இழுப்பு இழுப்பது அவர் பழக்கம். நான் கடைக்கு வெளியே கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கி வாலு ஸ்ட்ராங்கா கீதா பாய்?" என்று இழுத்தார்.

வால் கையோடு வந்துவிட்டது.

அதன் அடியில் சாக்குத் தைக்கும் சணல் நூல் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு எல்லோரும் பார்க்கும்படி தலைக்கு மேல் தூக்கினார்.

"யோவ், இங்க பாருங்கய்யா! தையல் போட்ட வாலு!"

"செம்மறிக்கு வெள்ளாட்டு வாலைத் தெச்சி மாட்டிகிறானுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பெரிய பாய் நூலைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "யார்ரா தெச்சது?"

"நான்தான் பாய்ஜான். ஆனா—"

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கொழுப்பும் ரத்தமும் படிந்த இடது கையால் பெரிய பாய் அவன் கன்னத்தில் அறைந்தார். அறைந்துவிட்டு, தெருமுனை வரை கேட்கும்படி, "பேமானி!" என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

அதன்பிறகு நடந்ததை நான் பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். முதலில் லாட்ஜ்காரர் வாலைக் கீழே போட்டுவிட்டு, சின்ன பாயின் சட்டைக் காலரைப் பிடித்துக் கடைப் படியிலிருந்து கீழே இழுத்தார். அவன் முட்டி போட்டு விழுந்தான். அவன் எழுவதற்குள் ஒருவன் ஹெல்மெட்டால் பிடரியில் அடித்தான். இன்னொருவன் செருப்பைக் கழற்றி வாயில் அடித்தான். வரிசையில் நின்றவர்கள் மட்டும் அல்ல. டீக்கடையில் நின்றவர்கள், பைக்கை ஓரங்கட்டிவிட்டு வந்தவர்கள், என்ன நடந்தது என்றே தெரியாதவர்கள், எல்லோரும் கைவைத்தார்கள். "பேமானி, பேமானி" என்று அடிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே அடித்தார்கள். சொந்த அண்ணனே சொல்லிவிட்ட பிறகு யாருக்கு என்ன தயக்கம்? லாட்ஜ்காரர் அவனுடைய வலது மணிக்கட்டை ஷூ போட்ட காலால் மிதித்து, உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றினார். சுள்ளி ஒடிவதைப் போன்ற சத்தம். சின்ன பாய் கத்தவில்லை. மற்ற கையால் மண்ணில் எதையோ துழாவிக்கொண்டிருந்தான்.

பெரிய பாய் கையில் வெட்டுக்கத்தி இருந்தது. அதோடு கூட்டத்தில் இறங்கினால் கொலையில்தான் முடியும். கத்தியைக் கட்டையில் ஓங்கி இறக்கி நிறுத்தினார். வெறும் கையோடு குதித்தார். தம்பியின் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டார். அடிகள் நிற்கவில்லை, அவர் முதுகில் விழுந்தன. நானும் உள்ளே போனேன். யாருடைய முழங்கையோ என் வாயில் இடித்து உதடு கிழிந்தது. இழுத்துப் பிரித்து எடுத்தபோது இரண்டு பேரையும் தனித்தனியாக அடையாளம் சொல்ல முடியாது, அவ்வளவு ரத்தம். அதில் ஆட்டு ரத்தம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. சுற்றிலும் போன்கள் உயர்ந்திருந்தன.

நான் ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். பெரிய பாய் டிரைவருக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டார். நானும் சின்ன பாயும் பின்னால். அவன் கை மணிக்கட்டிலிருந்து தனியாகத் தொங்கியது.

"பெரியாஸ்பத்திரிக்குப் போப்பா" என்றேன்.

"தோல் மண்டிக்கு ஓட்டு" என்றான் சின்ன பாய்.

"டேய், கை போயிடும்டா."

"போவட்டும் சார். மண்டிக்கு ஓட்டச் சொல்லுங்க." பிறகு முன்னாலிருந்த முதுகைப் பார்த்துச் சொன்னான்: "அது வெள்ளாடுதான் பாய்ஜான். அந்த வாலும் அதோடதுதான். தொட்டியில தோலுரிக்கறவன் கத்தி தவறி வாலை அறுத்துட்டான். வாலில்லாம மாட்டுனா நீ விப்பியா?"

டிரைவர் என்னைப் பார்த்தார். மண்டிக்கே போனோம்.

ஊரில் அறுக்கிற ஆடுகளின் தோல் எல்லாம் வந்து சேரும் கொட்டகை அது. உப்பும் அழுகலும் கலந்த நாற்றம். தரையில் உப்பு குவியல் குவியலாகக் கிடந்தது. ஒவ்வொரு கடைத் தோலுக்கும் ஓர் அடையாளக் கீறல் போடுவார்கள். அதை வைத்து அன்று காலை வந்த இவர்களுடைய தோல்களை மண்டிக்காரர் விரித்துக் காட்டினார். எல்லாம் வெள்ளாடு. "செம்மறி ஒண்ணுகூட இல்ல பாய், வேணும்னா மறுபடி பாருங்க" என்றார். அவற்றில் ஒன்று செம்பழுப்பு. கழுத்திலிருந்து முதுகு நெடுக ஒரு கறுப்புக் கோடு ஓடியது.

சின்ன பாய் இடது கையை மடிக்குள் விட்டு அந்த வாலை எடுத்தான். மண்ணில் அவன் துழாவியது இதைத்தான். மிதிபட்டு, அடி வாங்கிக்கொண்டே எடுத்து மடியில் சொருகியிருக்கிறான். தோல் முடிகிற இடத்தில் அதை வைத்தான். முதுகில் ஓடிவந்த கறுப்புக் கோடு கொஞ்சமும் விலகாமல் வாலின் நுனி வரை போனது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"வார்த்தைய வாபஸ் வாங்கு."

பெரிய பாய் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். அவர் காதிலிருந்தும் ரத்தம் கசிந்தது.

"அடிச்சது தப்பு. இந்தா, என் கைய நீ ஒடச்சிக்க. வார்த்தைய வாங்க மாட்டேன்."

"ஆடு வெள்ளாடு!"

"ஆடு சரி. வாங்க வர்றவன் வாலைப் பாத்து நம்பறான். அறுந்துட்ச்சின்னு அவன்கிட்ட சொல்லியிருக்கணும். என்கிட்டயாவது சொல்லியிருக்கணும். நீ யாரும் பாக்காத நேரத்துல ஒக்காந்து தெச்ச. அதுக்குப் பேரு வேற இன்னாடா?"

சின்ன பாய் தலையைக் குனிந்துகொண்டு அண்ணன் நெஞ்சில் போய் முட்டினான். இரண்டு பேரும் உப்புக் குவியலில் சாய்ந்தார்கள். ஒடிந்த கையால் அடிக்கப் பார்த்தான், முடியவில்லை. பல்லால் அண்ணனின் தோளைக் கவ்வினான். பெரியவர் அவனை அடிக்கவில்லை. கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். ஆனால் உப்பு இரண்டு பேரின் காயத்திலும் இறங்கியது. தெருவில் அத்தனை அடியிலும் வாய் திறக்காத சின்ன பாய் அங்கே கத்திய கத்தலுக்கு மண்டிக்கு வெளியே நின்ற மாடுகள் மிரண்டன. நானும் மண்டிக்காரரும் சேர்ந்து, கிழிந்த வாயிலிருந்து அண்ணன் தோளை விடுவித்தோம். பிறகுதான் ஆஸ்பத்திரி.

மாவுக்கட்டோடு சின்ன பாய் வீட்டிலேயே இருந்தான். ஒருமுறை போய்ப் பார்த்தேன். அடித்தவர்களைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. "போலீஸ்ல எழுதிக் குடுக்கலாம்" என்றேன். "இன்னான்னு சார் எழுதறது? என்னைப் பேஈமான்னு சொன்னது அவங்களா?" என்றான். அண்ணன் அனுப்பிய பால், பழம் எதையும் தொடவில்லை. அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். எந்த இடத்தில், எத்தனை பேர் நடுவில் அந்தச் சொல் விழுந்ததோ, அதே இடத்தில் அதை அண்ணன் திரும்ப எடுக்க வேண்டும்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். "நீங்கல்லாம் சொல்றப்ப அது சும்மா திட்டு சார். அவனுக்கு அதோட எடை தெரியும். அதனாலதான் கேக்கறான். எனக்கும் தெரியும், அதனாலதான் தர முடியல" என்றார். தெருவிலேயே அந்தச் சொல்லின் எடை தெரிந்த இரண்டு பேரும் தங்களுக்குள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மற்ற நாங்கள் எல்லோரும் அதை முன்பைவிடத் தாராளமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

காரணம், போன். அன்றைக்கு எடுத்த வீடியோ ஊர் முழுக்கப் போய்விட்டது. பெரிய பாயின் அறையும், "பேமானி!" என்ற குரலும், அதன்பின் ஹெல்மெட்டும் செருப்பும். கீழ்பென்னாத்தூரில் இருக்கிற என் மச்சான்கூட எனக்கே அதை அனுப்பி, 'உங்க தெருவாமே' என்று கேட்டிருந்தார். யாரோ அந்தக் குரலை மட்டும் வெட்டி எடுத்து ரிங்டோனாக வைத்திருந்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் அது அடிக்கும்போதெல்லாம் சிரிப்பு. சின்ன பாய் வீட்டு வழியே பைக்கில் போகிறவர்கள் "வால் பேமானி" என்று கத்திக்கொண்டு போனார்கள். ஒரு நாள் அவர்கள் எறிந்த கல் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் அவன் மனைவியின் நெற்றியில் பட்டது. தையல் போட வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ்காரர் கறிக்கு வந்தார். எப்போதும் போல வாலை இழுத்துப் பார்த்தார். "எங்க பாய் உங்க பேமானி தம்பி? இன்னிக்கி தெக்கறதுக்கு ஒண்ணும் இல்லியா?" என்று சிரித்தார். சட்டைப் பையில் இருந்த அவருடைய போன் அந்த நேரம் பார்த்து அடித்தது. பெரிய பாயின் சொந்தக் குரல்.

பெரிய பாய் எடை மிஷினை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரில் அடித்தார். எங்கள் பொதுச் சுவர் அது. என் பக்கத்து அலமாரியில் வரிசையாக வைத்திருந்த ஃபிரேம்கள் உதிர்ந்தன. மிஷினின் தட்டு உருண்டு ரோட்டுக்குப் போனது. லாட்ஜ்காரர் பையைப் போட்டுவிட்டு ஓடினார். பெரியவர் அன்று கடையை மூடிவிட்டார். ஷட்டருக்குள் வெகுநேரம் கட்டையில் கத்தி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெட்டுவதற்கு உள்ளே கறி ஏதும் மீதி இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

மாலையில் என் கடைக்கு வந்தார். உதிர்ந்த ஃபிரேம்களைப் பார்த்து, "ஒடஞ்சது எவ்ளோன்னு சொல்லுங்க சார்" என்றார். ஒன்றும் உடையவில்லை என்று சொன்னேன். உட்கார்ந்தார்.

"தெச்சது தப்புதான் சார். இன்னிக்கும் சொல்றேன். ஆனா நான் அந்த வார்த்தைய அவன்கிட்ட சொல்லல. இந்த ஜனங்க கைல குடுத்துட்டேன். வாங்கிடறேன்."

மறு ஞாயிறு சின்ன பாய் வந்தான். மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. கீழே இழுத்துப்போட்ட அதே படிக்குப் பக்கத்தில், சுவரில் சாயாமல் நின்றான். அவனைப் பார்த்துக் கூட்டத்தில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரிய பாய் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார். துண்டால் துடைத்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம். அன்னிக்கி இங்க நின்னு என் தம்பிய ஒரு வார்த்தை சொன்னேன். ஆடு வெள்ளாடு, வாலும் அதோடதுதான். என் தம்பி பேமானி இல்ல. சொன்ன வார்த்தைய நான் வாபஸ் வாங்கிட்டேன்."

சின்ன பாய் கூட்டத்தைப் பார்த்தான். ஒருவர் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் ஈரல் தனியாக வேண்டும் என்றார். லாட்ஜ்காரர், போன வாரம் ஓடியதை மறந்தவராக, பையை முன்னே நீட்டினார்.

"விடுங்க பாய், இதுக்குப் போயி. அது வெள்ளாடுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். கறி கலரப் பாத்தா தெரியாதா? அரைக்கிலோ போடுங்க, நெஞ்செலும்பா பாத்து."

"அன்னிக்கே தெரியுமா?" என்றான் சின்ன பாய்.

"தெரியும்பா."

"தெரிஞ்சிதான் மிதிச்சியா?"

"நான் மட்டுமா? எல்லாரும் அடிச்சாங்க, நானும்—"

மாவுக்கட்டுக் கை அவர் மூக்கில் இறங்கியது. கட்டு வெடித்த சத்தமும் எலும்பின் சத்தமும் சேர்ந்தே கேட்டன. அவர் சுவரில் மோதிக் கீழே சரிந்தார். சின்ன பாய் மறுபடி அடித்தான். ஒடிந்து கூடிக்கொண்டிருந்த கை மறுபடி ஒடிவது பற்றி அவனுக்குக் கவலை இல்லை. லாட்ஜ்காரரின் வெள்ளைச் சட்டை முன்புறம் முழுக்கச் சிவந்தது. போன்கள் உயர்ந்தன. நான் என் கடைப் படியிலிருந்து இறங்கிவிட்டேன். ஆனால் கூட்டத்தில் ஒருவரும் கை ஓங்கவில்லை. எல்லோரும் பெரிய பாயின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஏதாவது சொன்னால் போதும். அதற்காகக் காத்திருந்தார்கள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொக்கியில் தொங்கிய ஆட்டிலிருந்து நெஞ்செலும்புத் துண்டை அறுத்துக் கட்டையில் வைத்தார். கத்தியை ஓங்கினார்.

"அரைக்கிலோதானே?" என்றார், கீழே கிடந்தவரைப் பார்த்து.